நான் சொன்னதை எழுதுங்கள்

செப்டம்பர் 3, புதன்

சட்ட நுழைவுத் தேர்வில் மாணவர்கள் செய்யும் பொதுவான தவறுகளை இன்று அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். இணையத்தில் யாரோ எழுதியதைத் தாளில் அச்செடுத்து வந்திருந்தார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வாசிப்பும் அப்படித்தான். ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கி, நிறுத்தி, மெதுவாக இறக்குவார்.

"மொதத் தவறு, நேரத்தப் பிரிச்சுக்கிடாம இருக்கது. ரெண்டாவது, பத்திய முழுசா வாசிக்காம பதிலுக்குத் தாவுறது. மூணாவது, தெரியாத கேள்விக்குக் கண்ண மூடிக்கிட்டு..."

நிறுத்திவிட்டார்.

"வாசிங்கப்பா."

"அவ்ளோதான்ட்டி."

"கண்ண மூடிக்கிட்டு பதில் போடக் கூடாது. அதான?"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் கண் என்ற சொல் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எதையாவது மடித்து வைக்கிறார்கள்.

போன டிசம்பரில் இதே தேர்வை எழுதித் தோற்றேன். வீட்டில் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர். உள்ளூரில் பி.ஏ. சேரச் சொன்னார்கள். சேரவில்லை. இந்த டிசம்பரில் மறுபடியும் எழுதுகிறேன்.

இதை மடிக்கணினியில் திரையை அணைத்துவிட்டுத்தான் தட்டுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் என் காதில் மட்டும் கேட்கும். பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வெறும் கறுப்பு.

செப்டம்பர் 5

கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டவும், நான் சொல்லும் பதிலை விடைத்தாளில் குறிக்கவும் ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். போன தடவை தம்பி டெரிக் எழுதினான். அப்போது பதினோராம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவர்கள் எழுதக் கூடாது என்பது விதி. இப்போது அவன் பன்னிரண்டு. ஆகவே முடியாது.

அம்மாவுக்குத்தான் பெரிய கவலை. "அவன மாதிரி யாரு உனக்கு வாசிப்பா? கூடப் பிறந்தவன்லா?"

எனக்குக் கவலை இல்லை. விதி நல்ல விதி.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆள் கிடைத்துவிட்டது!

ஒரு வாரமாக அம்மா தெருத் தெருவாகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டு அலைந்தாள். பிள்ளையின் படிப்பு கெடும் என்றார்கள் சிலர். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் சிலர். கேட்டுச் சொன்னவர்கள் இல்லை. ஆள் இல்லாமல் போனால் தேர்வு மையத்திலேயே ஒருவரைத் தருவார்கள். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வருமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இன்று மாதா கோயிலில் ஆங்கிலப் பூசை. பைபிள் வாசகம் வாசித்தது எப்போதும் போல புளோரா அக்கா. இத்தனை வருடமாக அந்தக் குரலைக் கேட்கிறேன். ஒரு சொல்லைக்கூட விழுங்காத குரல். பூசை முடிந்ததும் அம்மாவின் கையை விட்டுவிட்டு அந்தக் குரலைத் தேடி நானே போனேன்.

"அக்கா, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

எந்த வணக்கமும் இல்லாமல் இப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அவருக்கு வரவில்லை. பிறகு மெதுவாக, "எதுக்குக் கேக்க?" என்றார்.

சொன்னேன்.

"ப்ளஸ் ஒன் பாதியில நிறுத்தி மாமா பையனுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க," என்றார் இன்னும் மெதுவாக. "ப்ளஸ் டூன்னு சொல்லி வச்சிருக்கேன். எம் மவளுக்குக்கூடத் தெரியாது." அப்புறம் திடீரென்று சத்தமாகச் சிரித்தார். "ஏட்டி, படிக்காம விட்டத ஒருத்தி தகுதின்னு கேக்குறது இன்னிக்குத்தான்."

புளோரா அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டிலேயே தையல். கணவர் கப்பலில் வேலை, வருடத்தில் இரண்டு மாதம்தான் ஊரில் இருப்பார். காலையில் மகள் பள்ளிக்குப் போனதும் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 18

புளோரா அக்காவை வைத்துக்கொண்டு முதல் மாதிரித் தேர்வு. படுதோல்வி.

அவர் வாசிப்பது பைபிள். எந்தப் பதில் சரியென்று அவருக்குத் தோன்றுகிறதோ அந்த இடத்தில் குரல் தானாக உயர்ந்து அருள் பெறுகிறது. நான் வேறு பதில் சொன்னால் நாக்கை 'ச்சு' என்று ஒரு தட்டு. நான் உடனே மாற்றிவிடுகிறேன். இப்படியே போனால் தேர்வு எழுதுவது அவர், வாய் மட்டும் நான்.

"அக்கா, வாசகம் மாதிரி வாசிக்காதீங்க."

"பின்ன எப்படி வாசிக்க?"

"கரண்ட் பில் வாசிக்கிற மாதிரி."

"ச்சு சொல்லக் கூடாதா?"

"கூடாது. பெருமூச்சும் விடக் கூடாது. நான் தப்பா சொன்னாலும் நான் சொன்னதத்தான் எழுதணும்."

"தப்புன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சாலுமா?"

"நல்லாத் தெரிஞ்சா இன்னும் கவனமா, நான் சொன்னதத்தான் எழுதணும்."

அக்கா புத்தகத்தை மூடினார். "இது ரொம்பக் கஷ்டமான வேலைல்லா," என்றார். முதல் முறையாக ஒருவர் அதைப் புரிந்துகொண்டார்.

செப்டம்பர் 26

இன்றைய சண்டை.

பத்தி சொல்கிற விதி இது: அனுமதி இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தாலே அத்துமீறல், காரணம் எதுவானாலும் சரி. கேள்வி: நாய் துரத்தியதால் பக்கத்து வீட்டு வாசலுக்குள் ஓடி நுழைந்த பெண் அத்துமீறினாளா? நான் இல்லை என்றேன். புத்தகத்தின் விடை ஆம்.

"அந்தப் பொண்ணு என்ன செய்யணும்? நின்னு கடி வாங்கணுமா?"

"எங்கிட்ட ஏன் கத்துற? புஸ்தகத்த எழுதினவன நாய் துரத்தல, அதான்."

அப்பாவின் தாளில் இருந்த தவறுகளில் இதுவும் உண்டு. பத்திக்கு வெளியே உனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்லாதே. நான் சொல்வது எனக்குத் தெரிந்ததை அல்ல, எது நியாயமோ அதை. மதிப்பெண் போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் பிடிப்பார்கள். இந்த வாரம் மட்டும் என் நியாய உணர்ச்சிக்கு நான் கொடுத்த விலை நான்கு மதிப்பெண்.

பழகிக்கொள்கிறேன். ஒரு விதி கெட்டது என்று நிரூபிப்பதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். வக்கீலான பிறகு அந்த நாயைக் கவனித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 2

விடுமுறை. டெரிக் என் ஹெட்போனின் அறுந்த ஒயரைச் சரிசெய்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். நான் கேட்கவே இல்லை. போன மாதம் மின்விசிறி. அதற்கு முந்தி என் கட்டிலின் ஆடும் கால்.

 

அக்டோபர் 11, சனி

"போன வருஷம் என்னதாம்ட்டி ஆச்சு? இவ்ளோ தெரிஞ்ச பிள்ள எப்படித் தோப்ப?" என்று புளோரா அக்கா கேட்டார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

தேர்வு முடிந்து திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தோம், நானும் தம்பியும். ஜன்னல் இடத்தை எனக்குத் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான்.

"அக்கா, பயப்படாத. நீ தப்பா சொன்னதயெல்லாம் நான் சரியாப் போட்டுட்டேன்."

"எதயெல்லாம்?"

"கணக்கு கொஞ்சம். அந்த வாடகை வீட்டுப் பத்தி. பத்துப் பன்னெண்டு இருக்கும்."

கையில் கடலைப் பொட்டலம் வைத்திருந்தேன். வாங்கித் தந்ததும் அவன்தான். அவன் குரலில் ஒரு பரிசு கொடுக்கிறவனின் பெருமை இருந்தது.  வல்லநாட்டில் பேருந்து நின்றபோது, "வீட்ல யாருட்டயும் சொல்லாத," என்றேன். அப்போதுதான் அவனுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். கடலைப் பொட்டலத்தைத் தூத்துக்குடி வரை யாரும் பிரிக்கவில்லை.

விடைக்குறிப்பு வெளியானபோது உட்கார்ந்து பார்த்தோம். அவன் மாற்றியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொன்னதுதான் சரி. அவன் எழுந்து போய்க் குளியலறைக் குழாயை நெடுநேரம் திறந்து வைத்திருந்தான்.

எல்லோரும் இதைத்தான் வருந்தத்தக்கது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் மாற்றியதெல்லாம் சரியாகப் போயிருந்தால் இன்னும் மோசம். நான் வென்றிருப்பேன். வென்றது யாரென்று எனக்கு ஆயுசுக்கும் தெரியாது.

புளோரா அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "கன்னத்துல ஒண்ணு போட்டியா?" என்றார்.

"இல்ல."

"போட்டிருக்கலாம். அவனுக்கும் நிம்மதியா இருந்திருக்கும்."

அக்டோபர் 12

காய்ச்சல். மாதிரித் தேர்வு இல்லை. அக்கா மட்டும் வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பத்தியைக் கரண்ட் பில் போலவே வாசித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 4

ஸ்கிரைப்பின் படிப்பு எவ்வளவு என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். பிளஸ் ஒன், முடிக்கவில்லை. புளோரா அக்கா அதை எங்கள் வீட்டில் வைத்தே நிரப்பினார். பேனா கீறும் சத்தம் ஓரிடத்தில் நின்றது. பிறகு ஓடியது.

"நேத்து மவகிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

"என்ன சொன்னா?"

"அப்ப எனக்கு மேத்ஸ் சொல்லித் தராததுக்கு அதான் காரணமான்னு கேட்டா. ஆமான்னேன். சரின்னுட்டுப் போயிட்டா. இதுக்கா இத்தன வருஷம் பயந்தேன்!"

நவம்பர் 9, ஞாயிறு

வெடித்துவிட்டது.

மதியம் சாப்பாடு. நால்வரும் இருந்தோம். அப்பா ஆரம்பித்தார். "அனுமதிச் சீட்டு வந்துட்டு. இந்தத் தடவையாவது அவசரப்படாதட்டி. போன வருஷம் மாதிரி கவனக்குறைவா எழுதிட்டு வந்து நிக்காத."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இதை முப்பது நாற்பது தடவை கேட்டிருப்பேன். பதில் சொல்வதில்லை.

டெரிக்கின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "அவ கவனக்குறைவு இல்லப்பா. அவ சொன்னது சரி. நாந்தான் மாத்தி எழுதினேன்."

 எல்லாவற்றையும் சொன்னான், பேருந்து, பத்துப் பன்னிரண்டு, விடைக்குறிப்பு, எல்லாம். 

அப்பா தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். "நல்லதுக்குத்தானல பண்ணுன," என்றார்.

சரியாக இந்தச் சொற்கள்தான் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"நல்லதுக்கா? நீங்க கிரேன்ல உக்காந்திருக்கும்போது நல்லதுக்குன்னு ஒருத்தன் வந்து உங்க கையப் பிடிச்சுத் திருப்புனா விடுவீங்களாப்பா?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது வேலைட்டி."

"அப்ப இது என்ன? வெளாட்டா? நான் தப்பு பண்ணுனா பண்ணிட்டுப் போறேன். மார்க் போனா எனக்குத்தான போகுது? தோத்துட்டான்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். ஆனா அது நான் எழுதின பரீட்சையா இருக்கணும். அவன் கையத்தான் கடன் கேட்டேன். மூளைய யாருட்டயும் கேக்கல."

அம்மா மெதுவாக, "ஏன்ட்டி ஒரு வருஷமாச் சொல்லல?" என்று கேட்டாள்.

அவனைத் திட்டுவார்கள் என்று பயந்தேனா, திட்டவே மாட்டார்கள் என்று பயந்தேனா? எனக்கே தெரியவில்லை. தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 10

இன்று சாளை மீன் குழம்பு. இதுவரை அம்மா முள் எடுத்துத்தான் என் தட்டில் வைப்பாள். இன்று முழு மீனாக இருந்தது. வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இரண்டு முள் குத்தியது. சொல்லவில்லை. மூன்று மீன் தின்றேன்.

நவம்பர் 23

நேரம் மீதி வருகிறது. 'ச்சு' இல்லை. பெருமூச்சு இல்லை. நாய் துரத்திய பெண்கள் எல்லோரையும் குற்றவாளி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 6

தூக்கம் நன்றாக வருகிறது. பயம் ஒன்றும் இல்லை. மதியம்கூட வயிறாரச் சாப்பிட்டேன். மதியம் சாப்பிடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

முடிந்தது. மறந்துபோவதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரிதான் மையம். அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நானும் புளோரா அக்காவும் உள்ளே போனோம். எங்களுக்குத் தனி அறை. அங்கிருந்த கண்காணிப்பாளர் காகிதங்களைப் புரட்டிவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"நீங்க பொண்ணோட அம்மாவா?"

"இல்ல சார், ஸ்கிரைப்."

"ஸ்கிரைப்னா ஸ்கூல் ஸ்டூடண்டால்லா இருக்கணும்? இவ்ளோ வயசுல எப்படி? நீங்க வெளிய இருங்கம்மா. எங்ககிட்ட ஒரு பையன் இருக்கான், அவன் எழுதுவான். பாப்பாவ அந்தச் சேர்ல உக்கார வைங்க."

பாப்பா என்றது என்னை.

"சார், எங்கிட்ட பேசுங்க," என்றேன்.

"இல்லம்மா, நான் உங்க..."

"தேர்வு எனக்கு. அதனால எங்கிட்ட பேசுங்க. விதியில படிப்புக்குத்தான் வரம்பு இருக்கு, வயசுக்கு இல்ல. இவங்க பதினொண்ணு முடிக்கல. உறுதிமொழி உங்க கையில இருக்கு. ரெண்டாவது பக்கம்."

"அதெல்லாம் சரிம்மா, டைம் ஆகுது. இப்ப தகராறு பண்ணா உனக்குத்தான் நஷ்டம்."

இதுதான் அவர்கள் எப்போதும் வைத்திருக்கும் சாவி. நேரம் ஆகிறது. தகராறு செய்யாதே. நஷ்டம் உனக்கு.  மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்ல சார். இவங்களத் தவிர வேற யாரும் எனக்கு எழுத முடியாது. வேண்டாம்னா, ஏன் வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெளிய எங்க அப்பா நிக்காங்க. நான் போயிடுதேன்."

எழுதிக் கொடு என்று கேட்டால் போதும், எப்படிப்பட்டவரும் விதியை ஒருமுறை திறந்து பார்ப்பார். வெளியே போய் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து, "ஸ்டார்ட் பண்ணலாம்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

புளோரா அக்கா வாசித்தார். பிசகில்லாத, உயிரில்லாத, அருமையான வாசிப்பு. பாதி தாண்டும்போது எனக்கு மேசை, அறை எல்லாம் மறந்துவிட்டது. கேள்வி, பதில், பேனா. கேள்வி, பதில், பேனா.

இடையில் அந்தக் கண்காணிப்பாளர் என் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்தார். மின்விசிறி என் பக்கம் காற்று அடிக்கிறதா என்று கேட்டார். காலையில் நடந்தது மனத்தை உறுத்தியிருக்கும்போல. நல்ல மனிதர்தான். அதுதான் பிரச்சினை.

கடைசிப் பத்திக்கு வந்துவிட்டோம். ஒரு கேள்வியில் நான் நின்றுவிட்டேன். பி அல்லது சி. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். சி என்றுதான் தோன்றியது. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சட்டை உரசும் சத்தம். குனிந்து, மிக அன்பாக, அக்காவின் காதில் சொல்வதுபோல எனக்கும் கேட்கும்படி, "சி-ன்னு போட்டுருங்கம்மா," என்றார்.

அக்காவின் பேனா அசையவில்லை.

"என்ன போட?" என்று கேட்டார் அக்கா. கரண்ட் பில் குரல்.

சி என்பது அந்த நொடிவரை என்னுடையது. ஒரு மூச்சு முந்தியிருந்தால் என் வாயிலிருந்து வந்திருக்கும். இப்போது அது அவருடையதாகிவிட்டது. சி சொன்னால் அவருடைய பிச்சை. பி சொன்னால் வீம்புக்காகச் சொன்ன பொய்.

"ஒண்ணும் போடாதீங்கக்கா. விட்டுருங்க. அடுத்த கேள்வி."

"சும்மா சொன்னேம்மா, ஹெல்ப்புக்குத்தான்," என்றார் அவர்.

"தெரியுது சார். இனிமே சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு அவர் காலடிச் சத்தம் கதவுப் பக்கமே இருந்தது.

வெளியே வந்ததும், இத்தனை மாதம் சேர்த்து வைத்த 'ச்சு'க்களையெல்லாம் புளோரா அக்கா ஒரே மூச்சில் கொட்டினார். "கிறுக்காட்டி நீ? சி தான சொல்ல வந்த? நாக்கு மேல ஏறிட்டு, நான் கேட்டேன்லா? ஒரு மார்க்க யாராவது தூக்கிப் போடுவாளா?"

"நீங்க ஏன் சி-ய எழுதல?"

"நீ சொல்லலல்லா."

அந்த இடத்திலேயே, அத்தனை பெற்றோரும் பிள்ளைகளும் நடுவில், அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பா ஓடி வந்து, "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 11

விடைக்குறிப்பு வந்தது. சி தான்.

வருத்தம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கிறது. இன்று முழுக்க இருந்தது.

டிசம்பர் 20

முடிவு வந்துவிட்டது. தோல்வி இல்லை. பெரிய வெற்றியும் இல்லை. முதல் பட்டியலில் பெயர் வராது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ, எங்கோ ஒரு தூரத்துக் கல்லூரியில் இடம் வரலாம், வராமலும் போகலாம்.

அந்த ஒரு மதிப்பெண் இருந்தால் எத்தனை இடம் முன்னால் வந்திருப்பேன் என்று டெரிக்குக்குக் கணக்குப் போடத் தெரியும். போட்டிருப்பான். என்னிடம் சொல்லவில்லை. கெட்டிக்காரன்.

ஜனவரி 17

புளோரா அக்கா பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் தனித்தேர்வராக எழுதப் போகிறாராம். மகள்தான் இழுத்துக்கொண்டு போய் விசாரித்தாளாம். சொல்ல வந்தவர் சுற்றி வளைத்தார். கடைசியில்தான் விஷயம் வந்தது.

"நான் பாஸ் பண்ணிட்டா அடுத்த தடவை உனக்கு எழுத முடியாதுல்லா, ஜெனோ. உனக்கு இடம் வந்ததும் பரீட்சைப் பணம் கட்டலாம்னு இருக்கேன். அவசரம் இல்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இடம் கிடைக்காவிட்டால் மறுபடி எழுத வேண்டும், அதற்கு இவர் வேண்டும். அப்புறம் என் கோபத்தை நானே கேட்டேன். அப்பாவின் குரல் மாதிரி இருந்தது.

"இன்னிக்கே கட்டுங்க," என்றேன். "இங்கிலீஷ் நான் சொல்லித் தாரேன். நீங்க தப்பாச் சொன்னா நான் ச்சு சொல்லுவேன், அத மட்டும் கேட்டுக்கிடுங்க."

மார்ச் 9

பட்டியலில் பெயர் இல்லை. அப்பா பி.ஏ. பற்றிப் பேச்செடுத்தார். காத்திருக்கிறேன் என்றேன்.

மே 20, புதன்

பட்டியலில் வந்துவிட்டேன்.

காலை பத்து மணி வாக்கில் செய்தி வந்தது. கல்லூரி வடகிழக்கில், மூன்று நாள் ரயில். மாலைக்குள் இணையத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இடத்தை உறுதிசெய்யலாம். அல்லது இதை வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் பக்கத்தில் ஏதாவது வருமா என்று காத்திருக்கலாம். அல்லது வேண்டாம் என்று விலகலாம்.

அந்தப் பக்கத்தை என் மடிக்கணினி வாசிக்க மறுத்தது. "படம். படம். பொத்தான்," என்றது. எந்தப் பொத்தான் எது என்று சொல்லவில்லை. சட்டக் கல்லூரிகளுக்கான பக்கம் இது! முதல் வழக்கை யார்மேல் போடுவதென்று தெரிந்துவிட்டது.

அப்பா வேலையில், கிரேன் மேலே ஏறிவிட்டால் தொலைபேசி எடுக்க மாட்டார். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். புளோரா அக்கா கணக்குத் தேர்வுக்கான வகுப்பில். வீட்டில் டெரிக் மட்டும்.

ஒன்றரை வருடமாக அவனை எதையும் வாசிக்கச் சொன்னதில்லை. மருந்துச் சீட்டைக்கூட.

அறை வாசலில் போய் நின்றேன். "டெரிக், வந்து இத வாசி."

வந்தான். உட்கார்ந்தான். மேலிருந்து கீழே முழுக்க வாசித்தான். மூன்று பொத்தான்களையும், ஒவ்வொன்றின் கீழிருந்த சின்ன எழுத்துக்களையும், ஒரே குரலில். உறுதிசெய்தால் பிறகு மாற்ற முடியாது என்ற வரியையும் அப்படியே வாசித்தான்.

பிறகு சும்மா இருந்தான். அவன் நாற்காலி கிறீச்சிட்டது. வீட்டில் எல்லோரும் என்ன விரும்புவார்கள் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காத்திரு, பக்கத்தில் ஏதாவது வரும், மதுரையோ திருச்சியோ, வாரா வாரம் அம்மா வந்து பார்த்துக்கொள்ளலாம். அது கெட்ட யோசனையும் இல்லை.

"முதல்ல இருக்கத அமுக்கு," என்றேன். "உறுதிசெய்."

மவுஸ் சத்தம் இல்லை.

"டெரிக்."

"அமுக்குறேன்க்கா." கிளிக். "உறுதி செய்யப்பட்டதுன்னு வந்துட்டு. உன் பேரு, காலேஜ் பேரு, எல்லாம் இருக்கு. வாசிக்கட்டா?"

"வாசி."

வாசித்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் மேசையிலேயே இருந்தேன். மூன்று நாள் ரயில். அங்கே எனக்கு ஒரு குரலும் தெரியாது.  ஆகட்டும்.

சாயங்காலம் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அம்மா சொல்லிவிட்டாள். அப்பா நேராகத் தம்பியிடம் போனார்.

"மூணு நாள் ரயிலா? யாருல அத அமுக்குனது?"

"நாந்தாம்ப்பா. அக்கா சொன்னா, அமுக்குனேன்."

"காத்திருக்கலாம்னு இருந்துச்சாம்லா? நீ வாசிச்சேல்லா? ஒண்ணும் சொல்லலயால நீ?"

"அவ கேக்கலப்பா," என்றான் டெரிக்.